புதுச்சேரியில் ஒயின் சுவைப் போட்டி: மதிப்பெண் கெடும் இடங்கள்

'ஒயின் ஷாப்' என்று பலகை மாட்டிய கடையில் பிராந்தியும் விஸ்கியுமே முக்கால்வாசி விற்கும் ஊர் இது. இங்கே ஒயின் போட்டி என்று அறிவிப்பு வைத்தால், யார் அதிகம் குடிக்கிறார் என்று பார்க்கும் போட்டியா என்று நாலு பேர் கேட்கத்தான் செய்வார்கள். நாம் பேசுவது வேறு. நாசிக்கிலும் நந்தி மலைப் பக்கத்திலும் தயாராகும் திராட்சை ஒயின்களை லேபிள் மறைத்து ஊற்றி, நடுவர்கள் முகர்ந்து சுவைத்து மதிப்பெண் போடுவது. ஒரு ஹோட்டலோ கேட்டரிங் கல்லூரியோ மனம் வைத்தால் நடத்திவிடலாம். ஆனால் குளிர்ந்த நாட்டு விதிமுறையைப் படியெடுத்து இங்கே நடத்தினால், தங்கம் வாங்க வேண்டிய ஒயின் வெறுங்கையோடு போகும். பெரும்பாலான கேடு நடுவரின் நாக்குக்கு வருவதற்கு முன்பே, வண்டியிலும் அறையிலும் கண்ணாடிக் கோப்பையிலும் நடந்து முடிந்துவிடுகிறது.

முதல் தவறு தேதி. மே மாதக் கத்திரி வெயிலில் வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் புயலும் மின்வெட்டும் சேர்ந்து வரும். மிஞ்சுவது தை, மாசி. அங்கேயும் ஒரு சிக்கல். மகாராஷ்டிரத்தில் ஒயின் திராட்சை அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை. ஐரோப்பாவில் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை நடக்கும் வேலை இது. நம் வெயிலில் கொடி குளிர்காலத் தூக்கத்துக்குப் போவதில்லை என்பதால் ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள்: அறுவடை முடிந்ததும் ஏப்ரல் வாக்கில் ஒன்று, காய்ப்புக்காக செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று. ஆகவே தை மாதத்தில் ஒயின் ஆலைக்காரர்கள் தொட்டியடியில் நிற்பார்கள், உங்கள் விழாவுக்கு வர மாட்டார்கள். பாட்டில்களை டிசம்பரிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். 'இந்த ஆண்டு அறுவடை' என்று ஒரு பிரிவு வைத்துவிட்டு, ஒன்றும் வரவில்லையே என்று விழிப்பதும் இதனால்தான். அந்தத் திராட்சை அப்போது இன்னும் கொடியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்தது சரக்கு வந்து இறங்கும் இடம். மூன்று நாள் மூடிய லாரியில் வந்த பெட்டியை வாங்கியதும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடாதீர்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பாட்டிலையாவது எடுத்துப் பாருங்கள். கார்க் பாட்டிலின் வாயைவிட மேலே துருத்திக்கொண்டிருந்தாலோ, கழுத்து உறைக்கு அடியில் பிசுபிசுவென்று கசிவு இருந்தாலோ உள்ளே சூடேறியிருக்கிறது என்று அர்த்தம். திறந்து முகர்ந்தால் பழ வாசனைக்குப் பதில் கொதித்த ஜாம் வாசனை வரும். அந்தப் பெட்டியை அனுப்பியவருக்கு அன்றைக்கே தெரிவித்து மாற்றுப் பெட்டி கேளுங்கள். இந்திய ஒயின்களில் பல திருகு மூடி போட்டவை. அவற்றில் இந்த அடையாளம் தெரியாது, முகர்ந்தே கண்டுபிடிக்க வேண்டும்.

வந்த பாட்டில்களை ஒரு வாரமாவது ஆட்டாமல் வைக்க வேண்டும். 12 முதல் 16 டிகிரி வரை நல்லது. பலர் செய்வது என்னவென்றால், பகலில் ஏ.சி. போட்டு, இரவு பூட்டும்போது அணைத்துவிட்டுப் போவது. தினமும் 20 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் ஏறி இறங்கும்போது உள்ளே ஒயின் விரிந்து சுருங்கி, கார்க் வழியாகக் காற்றை இழுத்துக்கொள்ளும். இதைவிட 22 டிகிரியில் அசையாமல் இருப்பது மேல். அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பத்தைக் காட்டும் சாதாரண வெப்பமானி ஒன்றை அலமாரியில் வைத்து, காலையில் வந்ததும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊற்றும் சூட்டில்தான் இந்த ஊர் அதிகமாகச் சறுக்குகிறது. 'ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சரில் கொடு' என்று எங்கோ படித்துவிட்டு, 31 டிகிரியில் ஊற்றுவார்கள். அந்தப் பேச்சு கல் சுவர் கட்டிய, குளிர்ந்த வீடுகளில் பிறந்தது. அங்கே அறை என்றால் 16, 18 டிகிரி. 30 டிகிரியில் ஆல்கஹால் மூக்கில் குத்தும், பழ வாசனை மங்கும், ஷிராஸ் என்ற ரெட் ஒயின் ரசம் மாதிரி ஆகிவிடும். கனத்த ரெட் 16 முதல் 18, லேசான ரெட் 13 முதல் 16, ஒயிட் 8 முதல் 12, நுரைக்கும் ஒயின் 6 முதல் 8. இதற்கு இரண்டு டிகிரி கீழே வைத்து ஊற்றுங்கள், கோப்பையில் பத்து நிமிடம் நின்றாலே ஏறிவிடும். அவசரமாகக் குளிரவைக்க வெறும் ஐஸைக் கொட்டாதீர்கள். கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் நிற்கும், பாட்டிலை அங்கங்கே மட்டும் தொடும். பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு. கழுத்துவரை மூழ்கவைத்தால் அரை மணியில் ஒயிட் தயார்.

குளிர்ந்த ஒயிட்டில் பாட்டிலடியில் சர்க்கரைத் துகள் மாதிரி ஏதாவது படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். கண்ணாடிச் சில்லு இல்லை, டார்ட்ரேட் உப்பு. திராட்சையின் புளிப்பிலிருந்தே வருவது. இதைப் பார்த்துப் பாட்டிலைத் தூக்கிப்போடுவதும் தவறு, தெளிவுக்கான மதிப்பெண்ணைக் குறைப்பதும் தவறு.

இனி வாசலுக்கு வருவோம். விசேஷம் என்றால் நமக்குக் கை தானாகப் போவது வரவேற்பு மேசைக்கு: பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், கற்கண்டு, ரோஜா. வரும் நடுவரின் மேல் பன்னீரைத் தெளித்து உள்ளே அனுப்பினால், அவர் கோப்பையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் சட்டையிலிருந்து ரோஜா வாசம் வரும். பன்னீர் திராட்சைக்கு அந்தப் பெயர் வந்ததே அந்த வாசத்தால். கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் அந்த மஸ்கட் வகைத் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. திராட்சைக்கு அந்த மணத்தைத் தரும் ஜெரானியால் போன்ற பொருள்கள் ரோஜாவிலும் உண்டு. பன்னீர் பட்ட மூக்குக்குச் செனின் பிளாங்க் என்ற ஒயிட் ஒயின்கூட மஸ்கட்டாகத்தான் தெரியும். கூடவே தலையில் மல்லிகை, மூலையில் ஊதுபத்தி, குத்துவிளக்கு அணைந்த திரியின் புகை, பக்கத்துச் சமையலறையில் வஞ்சிரம் பொரியும் வாசம். விளக்கேற்றும் விழாவை முந்தின நாள் மாலை வைத்துக்கொள்ளுங்கள். சுவைக்கும் அறைக்குள் பூ, அத்தர், பத்தி எதுவும் கூடாது என்பதை அழைப்பிதழிலேயே போடுங்கள். நேரில் சொன்னால் மனவருத்தம். ஃபில்டர் காபியும் போட்டி முடிந்த பிறகுதான் என்று வைத்துவிட்டால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

கோப்பையைப் பற்றி. சர்வதேசத் தரமான சுவைக் கோப்பை 215 மில்லி கொள்ளும். அதில் ஊற்றுவது 50 மில்லி. மிச்ச இடம் வாசனை சேர்வதற்கு. தாராள மனதோடு பாதிக் கோப்பை ஊற்றினால் சுழற்றவே முடியாது. கடலோர போர் தண்ணீரில் கழுவிய கோப்பையில் உப்புப் படலம் வெள்ளையாகப் படியும். சோப்புப் பிசுக்கு கொஞ்சம் மிஞ்சினாலும் நுரைக்கும் ஒயினில் குமிழி நிற்காது. கடைசி அலசல் ஆர்.ஓ. தண்ணீரில் இருக்கட்டும். துடைக்க, கஞ்சியும் நீலமும் போடாத பழைய வேட்டித் துணிதான் சிறந்தது, நூல் ஒட்டாது. கழுவிய கோப்பையை விரிப்பின் மேல் கவிழ்த்து வைத்தால் விரிப்பின் வாசம் உள்ளே அடைபடும். அட்டைப் பெட்டியிலிருந்து அப்படியே எடுத்து மேசைக்குக் கொண்டு போகவும் வேண்டாம், அட்டை வாசனை நன்றாகவே ஒட்டும்.

கணக்கிலும் தவறு வரும். 750 மில்லி பாட்டிலில் 50 மில்லி வீதம் கணக்குப்படி 15 ஊற்று, கையில் வருவது 14. ஒரு பதிவுக்கு, அதாவது போட்டிக்கு வரும் ஒரு ஒயினுக்கு, ஒரு பாட்டில் போதும் என்று கேட்டு வாங்கினால், அது கெட்டிருந்தால் திரும்பப் பார்க்க வழியில்லை. மூன்று பாட்டில் கேளுங்கள்: சுவைக்க ஒன்று, கெட்டிருந்தால் மாற்ற ஒன்று, இறுதிச் சுற்றுக்கு ஒன்று.

லேபிளைச் செய்தித்தாளில் சுற்றிவிட்டால் மறைத்தாயிற்று என்று நினைக்க வேண்டாம். பாட்டிலின் தோள் வடிவம், கனம், மூடியின் நிறம் எல்லாம் தெரிந்தவருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். வேறு அறையில் ஊற்றி, கோப்பையை மட்டும் கொண்டுவாருங்கள். கோப்பைக்கு 1, 2, 3 என்று எண் போட்டால் ஒன்று என்பது முதலிடம் போல மனதில் உட்கார்ந்துவிடும். 417, 862 என்று தொடர்பில்லாத மூன்று இலக்கம் போடுங்கள். இரண்டு மேசைக்கு ஒரே ஒயின்கள் போனால் வரிசையை மாற்றி அனுப்புங்கள்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல் மரியாதை. மேசையில் மூத்தவர் ஒருவர் 'ம்ம், பரவாயில்லையே' என்று தலையாட்டினால் போதும், மற்ற நால்வரின் பென்சிலும் அந்தப் பக்கம் சாயும். எல்லோரும் எழுதி முடிக்கும்வரை பேச்சே இருக்கக் கூடாது. பேசும்போது இளையவர் முதலில் ஆரம்பிக்கட்டும். மூத்தவர்களுக்கு இதை முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடுவது நல்லது.

நடுவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் சோதித்துப் பார்ப்பது அவமானமில்லை. கலிபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர், ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயினை நடுவர்களுக்குத் தெரியாமல் ஒரே சுற்றில் மூன்று முறை வைத்துப் பார்த்தார். 2008-ல் முடிவை வெளியிட்டார். மூன்றுக்கும் ஒரே பதக்க வரம்புக்குள் மதிப்பெண் போட்டவர்கள் சுமார் பத்தில் ஒருவர்தான். உங்கள் போட்டியிலும் ஒரு சுற்றில் ஒரு ஒயினையாவது இரண்டு முறை வையுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் போடும் நடுவரின் தாளைக் கூட்டுவதற்கு முன் ஒரு முறை யோசிக்கலாம். சராசரி எடுப்பதைவிட மதிப்பெண்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால், ஒருவரின் கோபமோ பாசமோ முடிவை இழுக்காது.

வரிசை: நுரைக்கும் ஒயின், ஒயிட், ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின், ரெட், கடைசியில் இனிப்பு. ஒரு சுற்றுக்கு ஆறு முதல் எட்டு. நம் கடைகளில் 'போர்ட் ஒயின்' என்று கிடைக்கும் இனிப்புச் சரக்கை மற்ற ரெட்களோடு ஒரே சுற்றில் விடுவது பெரும் பிழை. அதற்குப் பின் வரும் கேபர்நே சாவின்யோன் போன்ற இனிப்பில்லாத ரெட் வெறும் புளிப்பும் துவர்ப்புமாகத் தோன்றும். பதிவுப் படிவத்திலேயே மிச்சச் சர்க்கரை (புளித்த பிறகும் ஒயினில் மிஞ்சுவது) லிட்டருக்கு எத்தனை கிராம், ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று கேட்டு அதன்படி பிரியுங்கள். விலையைக் கேட்காதீர்கள். சுற்றுக்கு நடுவே நாக்கைத் தேற்ற தண்ணீரும், வெண்ணெய் தடவாத பிரெஞ்சு ரொட்டியும் போதும். அது இந்த ஊரில் தெருவுக்குத் தெரு கிடைக்கும். முறுக்கு, மிக்சர், வெற்றிலை வேண்டாம்.

துப்பத்தான் வேண்டும். நாற்பது ஒயின், ஒவ்வொன்றிலும் 15 மில்லி விழுங்கினால் 600 மில்லி, முக்கால் பாட்டிலைத் தாண்டிவிடும். இருபதாவது கோப்பைக்கு மேல் எல்லாமே நன்றாக இருக்கும். நாலு பேர் முன் துப்பக் கூச்சப்படுவோருக்கு மூடி போட்ட தனிக் குவளை கொடுங்கள். பெரிய வாளியில் உமி போட்டுவைத்தால் தெறிக்காது.

கெட்ட பாட்டிலைக் கெட்ட ஒயின் என்று எழுதுவதுதான் நடுவர் செய்யும் மிகப் பெரிய அநியாயம். மழையில் நனைந்த கோணிப்பை வாசம் வந்தால் அது கார்க்கில் வந்த டி.சி.ஏ. என்ற பொருள். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். அடுத்த பாட்டிலைத் திறக்கச் சொல்ல வேண்டும். அழுகிய முட்டை வாசம் என்றால் கோப்பையை நன்றாகச் சுழற்றிப் பாருங்கள். போகாவிட்டால் தேய்த்துக் கழுவிய செம்புத் துண்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். வாசம் மறைந்தால் கந்தகச் சேர்மம். சோதனைக்கு மட்டும்தான், அந்தக் கோப்பையைக் கொட்டிவிட வேண்டும். நகப்பூச்சு, வினிகர் வாசம் தயாரிப்பிலேயே வந்த குறை. இரண்டாவது பாட்டிலிலும் அப்படியே இருந்தால் தயங்காமல் குறைத்துப் போடலாம்.

பண்ருட்டி முந்திரிப் பழத்திலும் பலாவிலும் வீட்டில் போட்ட ஒயினைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிச் சிலர் வருவார்கள். ஆசை நியாயமானதுதான், ஆனால் உரிமம் இல்லாமல் தயாரித்தது எதுவும் மேசைக்கு வரக் கூடாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம், இங்கே 1970-ஆம் ஆண்டு கலால் சட்டம். வெளி மாநிலத்துக்கென்று லேபிள் ஒட்டிய பாட்டிலைக் கொண்டுவரவும் கலால் துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, நகலை அறையிலேயே வைத்திருங்கள்.

பதக்கத்தை அள்ளி வீசாதீர்கள். சர்வதேச ஒயின் அமைப்பின் விதிப்படி நடக்கும் போட்டிகளில் மொத்தப் பதிவில் 30 சதவீதத்துக்கு மேல் பதக்கம் கொடுக்க முடியாது. பிரிவில் ஒன்றே வந்தது என்பதற்காக அதற்குத் தங்கம் கொடுத்தால், அடுத்த ஆண்டு எல்லோரும் தனியாக நிற்கும் பிரிவைத் தேடி வருவார்கள்.

முடிந்ததும் மிச்சம் இருக்கும். கடலூரிலிருந்து வந்த நடுவருக்கு அன்பாக இரண்டு பாட்டில் பையில் போட்டு அனுப்புவது வழக்கம். எல்லையிலுள்ள முள்ளோடை தாண்டியதும் அந்த அன்பு வழக்காக மாறும், தமிழ்நாட்டுப் பக்கம் சோதனையில் பை திறக்கப்படும். ரத்தத்தில் ஆல்கஹால் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் வண்டி ஓட்டுவதும் குற்றம், துப்பியவர் உடம்பிலும் கொஞ்சம் ஏறியிருக்கும். கார் ஏற்பாடு செய்து அனுப்புங்கள். திறந்த பாட்டில்களில் மிஞ்சியதை அன்றைக்கே சமையலறையில் கொடுத்துவிடலாம், இல்லையென்றால் எண்ணிப் பதிவேட்டில் எழுதி, சாட்சிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு தொட்டியில் கொட்டுங்கள்.