சிங்கப்பூர் சின்சேயும் எம்சி சீட்டும்

சிங்கப்பூருக்கு வந்த புதிதில் ஒருநாள் காலை கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பாலிகிளினிக்குக்குப் போனால் பாதி நாள் போய்விடும் என்று, எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்த சீன மருத்துவக் கடைக்குள் நுழைந்தேன். உள்ளே ஒரு பெரியவர் என் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். நாக்கை நீட்டச் சொன்னார். நம்மூர் நாடி பார்ப்பது போலவே இருந்ததால் எனக்குப் பயமில்லை. ஆறேழு ஊசி குத்தி, இருபது நிமிடம் படுக்கவைத்து அனுப்பினார். கழுத்து திரும்பியது. கையில் அவர் கொடுத்த ஓய்வுச் சீட்டு. அதை அலுவலகத்தில் நீட்டினேன். அன்றைய நாளைச் சம்பளமில்லா விடுப்பில் போட்டுவிட்டார்கள்.

அவர்கள் மீது தப்பில்லை என்று பிறகுதான் தெரிந்தது. வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு வேண்டுமென்றால், பதிவு பெற்ற ஆங்கில மருத்துவரோ பல் மருத்துவரோ எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சான்று, தர வேண்டும். சீன மருத்துவரின் சீட்டை ஏற்பதும் ஏற்காததும் முதலாளியின் விருப்பம். சில கம்பெனிகள் ஏற்கின்றன. உங்கள் கம்பெனி எப்படி என்பதை வேலையில் சேர்ந்த வாரமே எச்ஆரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காப்புறுதிக் கையேட்டில் ‘டிசிஎம்’ (பாரம்பரியச் சீன மருத்துவம்) என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ரசீதைத் தொலைக்க வேண்டாம்.

சீட்டு செல்லாது என்றதும் சின்சேயை (சீன வைத்தியரை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்) ஏதோ மரத்தடி வைத்தியர் என்று நினைத்துவிடாதீர்கள். 1994இல் சுகாதார அமைச்சு ஒரு குழு போட்டு ஆராய்ந்தது. 2000இல் நாடாளுமன்றம் பாரம்பரியச் சீன மருத்துவர் சட்டத்தை நிறைவேற்றியது. மறு ஆண்டே அதற்கென ஒரு வாரியம் வந்தது. முதலில் அக்குபஞ்சர்காரர்கள், அடுத்து மருத்துவர்கள் என்று பதிவு தொடங்கி, 2004 முதல் பதிவில்லாமல் தொழில் செய்வது குற்றம். பல தலைமுறையாகக் கடை வைத்திருந்தவர்களையும் ஒரே நாளில் வெளியே தள்ளிவிடவில்லை. அனுபவத்தைக் கணக்கில் எடுத்து உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு இந்தச் சட்டத்தில் பிடித்ததே அதுதான்.

இன்று புதிதாக வருபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்து, வாரியத்தின் பதிவுத் தேர்வையும் தாண்ட வேண்டும். சிங்கப்பூர்ச் சீன மருத்துவக் கல்லூரி 1953 முதல் இருக்கிறது. பகலில் வேலை பார்த்துக்கொண்டு சாயங்காலம் அங்கே போய் ஆண்டுக்கணக்கில் படித்தவர்கள் உண்டு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2005இல் பெய்ஜிங் சீன மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இரட்டைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. 2024இல் தானே நான்காண்டுப் பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டது.

ஆகவே போவதற்கு முன்னால் வாரியத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டிப் பாருங்கள். ஒருவர் முழு மருத்துவரா, அக்குபஞ்சர் மட்டும் செய்ய அனுமதி பெற்றவரா என்று அதிலேயே இருக்கும். கசாயமும் கொடுக்கிறேன் என்பவர் அக்குபஞ்சர் பட்டியலில் மட்டும் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பேரங்காடியில் தோளைப் பிடித்துவிடும் துய்னா மசாஜ்காரர், டிராயரைத் திறந்து வேரும் பட்டையும் நிறுத்துக் கொடுக்கும் கடைக்காரர், இவர்களெல்லாம் இந்தப் பதிவேட்டுக்குள் வருவதில்லை. கடைக்காரர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் நோயைச் சொல்லி மருந்து கேட்காதீர்கள்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஒரு வார்த்தை. ஹுவாங் லியன் என்ற கசப்பு வேரையும் அதிலுள்ள பெர்பெரின் என்ற வேதிப்பொருளையும் 1978இல் அரசு தடை செய்தது. ஜி6பிடி என்ற நொதி (என்சைம்) குறைபாடுள்ள பச்சைக் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை கடுமையாகி மூளை வரை பாதிக்கிறது என்ற அச்சம்தான் காரணம். 2013 தொடங்கித் தடை தளர்ந்துவிட்டது, அதனால் அந்த வேர் இன்று கடையில் கிடைக்கும். பிரசவமான ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு ஜி6பிடி சோதித்துச் சொல்வார்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி பாசத்தோடு தரும் கசாயத்தைக் குழந்தைக்கு மட்டும் கொடுக்காதீர்கள். பெரியவர்களில் வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதைச் சின்சேயிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சூப்பில் போடும் டாங் குய் வேர்கூட அந்த மாத்திரையோடு சேர்ந்தால் இரத்தக்கசிவில் கொண்டுவிடலாம்.

காசு பற்றிக் கேட்பீர்கள். 1867இல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம் இனம், மதம் பார்க்காமல் ஏழைகளுக்கு இலவச வைத்தியம் செய்தே பெயரெடுத்தது. இப்போது சின் சுவீ சாலையில் இருக்கிறது. 1952இல் வந்த சுங் ஹுவா மருத்துவ நிலையம் தோ பாயோ வட்டாரத்தில் இருக்கிறது. இரண்டும் அறநிலையங்கள், நம்மவர் போனாலும் யாரும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. மொழிதான் கொஞ்சம் இடிக்கும், தெரிந்த சீன நண்பரோடு போனால் வேலை சுலபம்.

நம்ம வைத்தியம் என்ன ஆயிற்று என்றால், அதுதான் கொஞ்சம் உறுத்தும். தமிழ்நாட்டில் சித்த மருத்துவம் ஐந்தரை ஆண்டு படித்துப் பட்டம் வாங்கிய தம்பி ஒருவர், இங்கே டாக்டர் என்று போர்டு போடலாமா என்று கேட்டார். முடியாது. சீன மருத்துவத்துக்கு இருப்பது போன்ற சட்டப் பதிவேடு சித்தத்துக்கும் ஆயுர்வேதத்துக்கும் இங்கே இல்லை. லிட்டில் இந்தியாவில் ஒருவரிடம் போகும்போது அவர் படித்தாரா இல்லையா என்பதை நீங்களேதான் விசாரித்துக்கொள்ள வேண்டும், வாரியம் பார்த்துத் தராது.

ஊரிலிருந்து அம்மா கட்டிக் கொடுக்கும் சூரணப் பொட்டலம் தனிக்கதை. சொந்த உபயோகத்துக்கு மூன்று மாதத்துக்கு மேல் கொண்டுவர வேண்டாம், டப்பாவில் பெயர் ஒட்டியிருக்கட்டும். இரசம், அதாவது பாதரசம், சேர்ந்த செந்தூரத்தை ஊரிலேயே விட்டுவிடுங்கள். பாரம்பரிய மருந்தில் பாதரசம் பத்து லட்சத்தில் அரைப் பங்கைத் தாண்டக்கூடாது என்பது இங்குள்ள வரம்பு. சுக்கு, திப்பிலி, அதிமதுரமெல்லாம் சிராங்கூன் சாலையிலேயே கிடைக்கிறது, பெட்டியில் அந்த இடத்துக்கு முறுக்கு வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.