வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகலாமா: கணக்கு தப்பும் இடங்கள்

ராஜினாமாக் கடிதம் ஒன்றைப் பத்து மாதம் மெயில் டிராஃப்டிலேயே வைத்திருந்தேன். "மேற்படிப்புக்காக விலகுகிறேன்" என்று ஒரே வரி. எந்த மேற்படிப்பு என்று யாராவது கேட்டிருந்தால் வாரத்துக்கு ஒரு பதில் சொல்லியிருப்பேன். பிறகு எங்கள் மேனேஜர் வேறு பிரிவுக்கு மாறிப் போனார். புதியவர் வந்து இரண்டே வாரத்தில் அந்த டிராஃப்ட் இருப்பதே மறந்துபோனது. படிப்பு ஆசை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, அந்த மனிதரிடமிருந்து தப்பிக்கிற ஆசைதான்.

இந்த விஷயத்தில் நான் பார்த்த முதல் தவறு இதுவே. நாளைக்கே நல்ல மேனேஜரும் ஓரளவு சம்பள உயர்வும் கிடைத்தால், அப்போதும் விண்ணப்பத்தை அனுப்புவீர்களா? "யோசிக்கணும்" என்று பதில் வந்தால், நீங்கள் தேட வேண்டியது வேறு வேலையை. அது பல்கலைக்கழகத்தை விடச் சீக்கிரம் கிடைக்கும், செலவும் குறைவு.

சம்பளக் கணக்கு

கட்டணத்தை எல்லோரும் எழுதிவைத்துக்கொள்கிறார்கள். தப்புவது மற்ற மூன்று வரிகள்.

கையில் வரும் மாதச் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்வோம். படிப்பு இரண்டு வருடம், மொத்தக் கட்டணம் 1000. படித்து முடித்தால் சம்பளம் 140 ஆகும் என்கிறார்கள். "மாதம் 40 கூடுதல், 1000-ஐ 25 மாதத்தில் எடுத்துவிடலாம்" என்று மனசு ஒரு கணக்குப் போடும். ஆனால் இரண்டு வருடம் வராமல் போகும் சம்பளமே 2400. இரண்டையும் சேர்த்தால் 3400. அதை 40-ஆல் வகுத்தால் 85 மாதம், அதாவது ஏழு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே.

அப்புறம் இன்னொன்று. வேலையிலேயே இருந்திருந்தால் சம்பளம் 100-லேயே நின்றிருக்காது. இரண்டு வருடத்தில் 115 ஆகியிருக்கும் என்றால், பட்டத்தால் கிடைக்கும் கூடுதல் 25 மட்டும்தான். இப்போது 136 மாதம். முடித்ததும் வேலை தேட ஐந்து மாதம் ஆனால், அந்த 575-ஐயும் சேர்க்க வேண்டும். 159 மாதம், பதின்மூன்று வருடத்தைத் தாண்டுகிறது. அதே படிப்பு, அதே ஆள். 25 மாதம் 159 ஆனது விட்டுப்போன வரிகளால்தான்.

எதிர்த் திசையிலும் தவறு நடக்கிறது. இழந்த சம்பளத்தையும் போட்டு, வீட்டு வாடகை, சாப்பாடு என்று வாழ்க்கைச் செலவு முழுவதையும் போட்டு, "ஐயோ, இவ்வளவா" என்று பின்வாங்குகிறவர்கள் உண்டு. சாப்பாடு வேலைக்குப் போனாலும் உண்டுதானே. லாபமா நஷ்டமா என்று பார்க்கும் கணக்கில், படிப்பால் கூடுதலாக வரும் செலவு மட்டும் சேரும். இரண்டு வருடம் கையில் பணம் தாங்குமா என்பது தனிக் கணக்கு. அங்கேதான் வாடகையும் சாப்பாடும் முழுசாக வர வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கடன் வாங்குவதாக இருந்தால், படிக்கும் காலத்தில் தவணை கிடையாது என்பதைப் பார்த்து நிம்மதியாகிவிட வேண்டாம். பல கடன்களில் அப்போதும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். கையெழுத்துப் போடும் முன் இந்த ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்.

பணம் மட்டும்தான் அளவுகோலா? இல்லை. அந்தத் துறை மேல் உண்மையாகவே பித்து இருந்தால் 159 மாதமும் சரிதான். அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு போங்கள், அவ்வளவுதான்.

பட்டம் எந்தக் கதவைத் திறக்கிறது

மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஆளை முன்பின் தெரியாத முதலாளிக்கு, பட்டம் ஒரு சமிக்ஞை என்பது அதன் சாரம். படித்தது வேலைக்கு உதவாவிட்டாலும் "இவரால் இது முடிந்தது" என்று அது சொல்லிவிடுகிறது. 2001-ல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசில் இந்த வேலைக்கும் பங்கு உண்டு. இதை நம் பக்கம் திருப்பிப் பாருங்கள்: எட்டு வருட அனுபவமும் காட்டுவதற்கு வேலைகளும் உள்ளவருக்கு ஏற்கெனவே வேறு சமிக்ஞை இருக்கிறது. அதே துறையில் இன்னொரு பட்டம் அவருக்குப் பெரிதாக ஒன்றும் சேர்க்காமல் போகலாம். துறை மாறுகிறவருக்கும், உரிமம் இல்லாமல் நுழையவே முடியாத மருத்துவம், சட்டம் போன்றவற்றுக்குப் போகிறவருக்கும் கதை வேறு.

இதை ஒரு சாயங்காலத்தில் சோதித்துவிடலாம். நீங்கள் ஆசைப்படும் பதவிக்கான இருபது விளம்பரங்களை எடுங்கள். "பட்டம் கட்டாயம்" என்பவை எத்தனை, "இருந்தால் நல்லது" என்பவை எத்தனை என்று எண்ணுங்கள். பிறகு அந்தப் படிப்பை முடித்து நாலைந்து வருடம் ஆன ஒருவரிடமும், படிக்காமலேயே அந்தப் பதவிக்கு வந்த ஒருவரிடமும் பேசுங்கள். கல்லூரி காட்டும் சராசரிச் சம்பளத்தை அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு பேர் பெரிய சம்பளம் வாங்கினால் சராசரி மேலே போய்விடும். நடுவில் நிற்கும் மாணவருக்கு என்ன கிடைத்தது, மொத்தம் எத்தனை பேரைக் கணக்கில் எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பது

இரண்டில் ஒன்று என்று நினைப்பதும் தவறுதான், "ராத்திரியில் படித்துக்கொள்கிறேன்" என்று அசால்ட்டாக நினைப்பதும் தவறுதான். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் கணக்கில் ஒரு முழுநேரக் கல்வியாண்டு 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. குறைந்தபட்சம் 1500 மணி நேரம். வாரம் பத்து மணி நேரம் ஒதுக்கினால் ஒரு கல்வியாண்டின் பாடத்தை முடிக்கவே மூன்று வருடம் ஆகும். எந்தக் கட்டணமும் கட்டும் முன், உங்கள் வீட்டில், உங்கள் களைப்போடு, வாரம் பத்து மணி நேரம் கிடைக்கிறதா என்று ஒரு மாதம் ஏதாவது ஒரு பாடத்தை வைத்துப் பாருங்கள்.

சம்பளமில்லா விடுப்பு, நிறுவனமே கட்டணம் கட்டும் வசதி போன்றவற்றைக் கேட்காமலேயே விலகுகிறவர்கள் நிறைய. கட்டணம் கட்டினால் இத்தனை வருடம் இங்கேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வரக்கூடும், படித்துப் பாருங்கள்.

முன்பணம் கட்டிவிட்டோமே என்பதற்காகவே சேர்கிறவர்களும் உண்டு. 1985-ல் ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், நாடகச் சீசன் டிக்கெட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள், தள்ளுபடியில் வாங்கியவர்களை விட அதிக நாடகங்களுக்குப் போனார்கள். நாடகம் என்றால் ஒரு சாயங்காலம்தான் போகும். இங்கே இரண்டு வருடம்.

கடைசியாக, தேதி. சேர்க்கைக் கடிதமும் கடன் ஒப்புதலும் கையில் வரும்வரை ராஜினாமா வேண்டாம். நோட்டீஸ் காலம், மிச்சமுள்ள விடுப்பு, மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியோடு நிற்கும் என்பதையெல்லாம் கடிதம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர் உற்சாகத்தில் மாதத் தொடக்கத்திலேயே விலகிவிட்டார். அந்த வருடப் போனஸ் தகுதித் தேதி அதற்குப் பத்தொன்பது நாள் கழித்து. அவருடைய வகுப்பு தொடங்கியதோ இரண்டு மாதம் கழித்துத்தான்.