மழைக்காட்டு ஊரில் கிட்டார் கம்பியைத் துருவிலிருந்து காப்பது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மழை இல்லாத வாரம் குறைவு. மழை விட்ட நாளிலும் விடியற்காலையில் செம்பனைத் தோட்டத்துப் பக்கமிருந்து பனி வந்து ஜன்னல் கம்பியில் சொட்டும். பல நாள்களில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டிவிடும். இரும்பு துருப்பிடிக்க 60 விழுக்காடே தாராளம். ஆகவே இங்கே கிட்டார் வாசிப்பவர்களுக்குக் கம்பி வாங்குவது பாதி வேலைதான், மீதி அதைப் பத்திரமாக வைப்பதில் இருக்கிறது.

நான் இதைக் கற்றது ஒரு மாரியம்மன் திருவிழா இரவில். மேடையில் முதல் கம்பி, அதாவது ஆறில் மிக மெல்லியது, அறுந்தது. கிட்டார் பையின் ஓரத்தில் மாற்றுக் கம்பி இருந்தது, தனிக் காகித உறையில், ஆறு மாதமாக. பிரித்துப் பார்த்தால் வெள்ளிபோல் மின்ன வேண்டிய கம்பியில் கடுகு தெளித்ததுபோலப் பழுப்புப் புள்ளிகள். விரலில் ஓட்டினால் சொரசொரத்தது, வெள்ளைத் துணியில் துடைத்ததும் காவிக்கோடு விழுந்தது. வேறு வழியில்லாமல் மாட்டினேன். இரண்டாவது பாட்டிலேயே சுருதி முறுக்கும் சாவிக்கருகில், கம்பி வளைகிற இடத்தில், அதுவும் அறுந்தது.

காரணம் எளிது. மேற்சுற்று இல்லாத மெல்லிய கம்பிகள் பெரும்பாலும் வெள்ளீயம் பூசிய எஃகு. பூச்சு மிக மெலிது, வளைகிற இடத்தில் கீறிவிடும், அங்கிருந்து துரு தொடங்கும். தடித்த கம்பிகளின் மேற்சுற்று பெரும்பாலும் வெண்கலமாகவோ நிக்கல் பூசிய எஃகாகவோ இருக்கும், வெண்கலத்துக்குத் துரு வராது. ஆனால் உள்ளே இருக்கும் நடுக்கம்பி எஃகுதான், சுற்றுகளின் இடுக்கில் ஈரம் புகுந்தால் அதுவும் கெடும். வெண்கலம் கறுத்துப்போவது வேறு விஷயம், அதனால் ஒலி மந்தமாகும், அவ்வளவுதான்.

சரி, வாங்கும்போது என்ன பார்ப்பது? காகித உறைக்கு மேல் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டடாரியோ நிறுவனத்தின் கம்பிகள் ஆறும் அப்படி ஒரே பையில் சீல் போட்டு வரும். பக்கத்து நகரமான ஈப்போவில் வாங்கும்போது நான் பையை லேசாக அழுத்திப் பார்ப்பேன். காற்று கசிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். வெயில் படும் கண்ணாடிப் பக்கம் தொங்குவதையும் எடுப்பதில்லை. ஒரு முழு செட்டோடு அதே அளவில் முதல் கம்பியும் இரண்டாம் கம்பியும் இரண்டிரண்டு தனியாக வாங்குங்கள், அறுவது பெரும்பாலும் அவைதாம். மலிவு என்று பத்து செட் வாங்கிக் குவிக்காதீர்கள். எலிக்ஸிர் போல மேலே பூச்சுப் பூசிய கம்பிக்கு விலை கூடுதல், ஆனால் வேர்க்கும் கைக்காரர்களுக்கு அந்தப் பணம் வீணில்லை.

வைக்கும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மூடியில் ரப்பர் வளையமும் பக்கத்தில் கிளிப்பும் உள்ள பிளாஸ்டிக் டப்பா போதும். பிஸ்கட் டின் வேண்டாம், மூடி ஈரத்தைத் தடுக்காது. உள்ளே ஈரம் குடிக்கும் சிலிக்கா ஜெல் போடுங்கள். காலணிப் பெட்டியிலிருந்து எடுத்த சிறு பொட்டலத்தை நம்பாதீர்கள், நம் கைக்கு வருமுன்னே அது ஈரம் குடித்து நிறைந்திருக்கும். நான் வாங்குவது ஆரஞ்சு நிற மணிகள். அவை பச்சையானால் ஈரம் ஏறிவிட்டது என்று தெரியும், புதிதாக மாற்றுவேன். அரிசி மூட்டையில் புதைப்பது பலன் தராது. குளிர்சாதனப் பெட்டியிலும் வைக்காதீர்கள், பிரிக்காத பையானாலும் வெளியே எடுத்ததும் வேர்த்துவிடும்.

இன்னொன்று, எங்கள் ஊருக்கே உரியது. அப்பா பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் ஆசிட் ஜாடியை வீட்டுக்குப் பின்னால் அலமாரியின் கீழ்த்தட்டில் வைப்பார். மேல்தட்டில் தொங்கவிட்ட என் கம்பிகள் மற்ற இடத்தில் இருந்தவற்றைவிடச் சீக்கிரம் கெட்டன. அந்த ஆவி உலோகத்தை அரிக்கும். இன்னும் சிறுதோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் ஆசிட் இருக்கும் அறையில் கிட்டாரைக்கூட வைக்காதீர்கள்.

டப்பாவில் வைக்கும் ஒவ்வொரு பையின் மேலும் வாங்கிய மாதத்தை மார்க்கரில் எழுதுங்கள், பழையதை முதலில் எடுங்கள். மேடைக்குப் போகும்போது சீல் பிரிக்காத செட் ஒன்றை மட்டும் எடுத்துப் போங்கள். பிரித்த செட்டில் ஒன்றைப் பயன்படுத்தினால் மீதி ஐந்தையும் கை துடைத்துவிட்டுத் தொடுங்கள், வியர்வை உப்பு கம்பிக்கு ஆகாது. உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய வட்டமாகச் சுருட்டுங்கள், இறுக்கி மடித்தால் அந்த இடம் பலவீனமாகும். மெல்லிய கம்பியில் மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டைத் துணியில் நனைத்துத் தடவலாம், மாட்டுமுன் துடைத்துவிட வேண்டும். சுற்றுக் கம்பியில் எண்ணெய் கூடவே கூடாது, இடுக்கில் தங்கி ஒலியை அடைத்துவிடும். தேங்காய் எண்ணெய் எதிலும் வேண்டாம், பிசுபிசுக்கும். பிறகு சிறிய ஜிப் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றிப் போட்டு, எந்தக் கம்பி குறைகிறது என்று பைமேல் எழுதி டப்பாவுக்குள் திருப்பி வையுங்கள்.