சினைப்பைப் புற்றுநோய்: அபாயத்தை அறிவதும் குறைப்பதும்

முதலில் குடும்ப வரலாற்றைக் கேட்டறியுங்கள். தாய்வழியில் மட்டுமன்றி, பலரும் கவனிக்கத் தவறும் தந்தைவழியிலும் நெருங்கிய உறவினருக்குச் சினைப்பை அல்லது மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால், பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 மரபணுப் பரிசோதனை (இவ்விரு மரபணுக்களில் ஏற்படும் தீங்கான மாற்றம் இப்புற்றுநோய்களின் அபாயத்தைக் கூட்டும்) குறித்து மருத்துவரிடம் அவசியம் பேசுங்கள். மாற்றம் உறுதியானவர்களுக்கு, குழந்தைப்பேறு முடிந்தபின், முதல் மரபணுவுக்கு 35 முதல் 40 வயதிலும் இரண்டாவதற்கு 40 முதல் 45 வயதிலும் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றுவது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. அபாயத்தை மிக அதிகமாகக் குறைப்பது இதுவே.

முதுமை, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்), உடற்பருமன் ஆகியவையும் அபாயத்தைக் கூட்டும். கருத்தடை மாத்திரையை 5 ஆண்டுகளோ அதற்கு மேலோ உட்கொண்டவர்களுக்கு அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்றாலும், இரத்தம் உறையும் ஆபத்து இருப்பதால் மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடங்க வேண்டாம்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காகச் செய்யப்படும் பாப் பரிசோதனை, சினைப்பைப் புற்றுநோயைக் கண்டறிவதற்கானது அன்று. ஆகவே வயிற்று உப்புசமோ, சிறிது உண்டதும் வயிறு நிறைவதோ, அடிவயிற்று வலியோ சில வாரங்கள் நீடித்தால் தாமதியாமல் மருத்துவரை அணுகுங்கள்.