புது டிஸ்க்கைப் பூலில் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்ணடி, ராயபுரம் பக்கத்து கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களில் இது சகஜம்: ஓரமாக ஒரு சர்வர், அதில் லினக்ஸ், கேவிஎம் (ஒரே சர்வரில் பல மெய்நிகர் கம்ப்யூட்டர்களை ஓட்டும் வசதி) மேல் கணக்குக்கு ஒரு விண்டோஸ் மெஷின், ஃபைல்களுக்கு இன்னொன்று. இடம் பத்தவில்லை என்றதும் ரிச்சி தெருவிலிருந்து 4 டிபி டிஸ்க் வந்துவிடும். மாட்டிய பிறகுதான் வம்பு.

இந்த மெஷின்களை நிர்வகிப்பது லிப்வெர்ட் என்ற மென்பொருள்; மெஷின்களின் டேட்டாவுக்கு அது ஒதுக்கும் சேமிப்பிடம்தான் பூல். அதில் 'டிஸ்க்' வகைப் பூல் என்றால் முழு டிஸ்க்கும் லிப்வெர்ட்டின் கைக்குப் போய்விடும். பூலுக்குள் மெஷினுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வால்யூமும் ஒரு பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கில் பிரித்த ஒரு பகுதி. பூலைத் தயார் செய்யும் 'பில்ட்' கட்டளையைக் கொடுத்தால் புது பார்ட்டிஷன் அட்டவணை எழுதப்படும். உள்ளே ஏதோ இருக்கிறது என்று பில்ட் மறுத்தால், யோசிக்காமல் 'ஓவர்ரைட்' சேர்த்துத் தட்டுகிறவர்கள் உண்டு. அங்கே கையை எடுங்கள். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளை காட்டும் சீரியல் எண்ணை டிஸ்க் மேலிருக்கும் ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். எஸ்டிபி, எஸ்டிசி என்று லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் பெயர்களை நம்ப வேண்டாம். ரீபூட்டில் அவை இடம் மாறலாம். பூலுக்கு, டிஸ்க்கின் அடையாளத்தை வைத்த, மாறாத 'பை-ஐடி' பாதையைக் கொடுப்பதே நல்லது.

பார்ட்டிஷன் வடிவத்தைச் சொல்லாமல் விட்டால் பழைய டாஸ் அட்டவணைதான் விழும். 512 பைட் செக்டரில் அது சுமார் 2 டிபிக்கு மேல் எட்டாது. பிரைமரி பார்ட்டிஷனும் 4 தான். வாங்கிய டிஸ்க்கில் பாதி சும்மா கிடக்கும். பெரிய டிஸ்க்குகளுக்கும் எட்டும் புது வகை அட்டவணையான ஜிபிடி என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், சின்ன அலுவலகத்துக்கு டிஸ்க் பூலே வேண்டாம். ஜிபிடியில் ஒரே பார்ட்டிஷன், அதில் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம், அதை மவுன்ட் செய்யும் 'எஃப்எஸ்' வகைப் பூல், உள்ளே மெஷின்களின் டிஸ்க்காக க்யூகவ்2 ஃபைல்கள். போதும்.

ஆனால் க்யூகவ்2-வில் ஒரு மாயம் உண்டு. 4 டிபி டிஸ்க்கில் 2 டிபி அளவில் மூன்று உருவாக்கினாலும் மறுக்காது. எழுத எழுதத்தான் வளரும். டிஸ்க் நிரம்பியதும் மெஷின் அப்படியே பாதியில் இடைநிறுத்தமாகி நிற்கும், அதுவும் ஜிஎஸ்டி தாக்கல் நாளில். விண்டோஸுக்குள் ஃபைல்களை அழித்தாலும், காலியான இடத்தைத் திருப்பித் தரும் 'டிஸ்கார்ட்' அமைப்பைப் போட்டிராவிட்டால் அந்த இடம் சர்வருக்குத் திரும்பாது.

அப்புறம் இரண்டு கட்டளைகள். 'பூல்-டெஸ்ட்ராய்' பூலை நிறுத்துவதோடு சரி, டேட்டா பத்திரம். 'பூல்-டெலீட்' அப்படியல்ல, எல்விஎம் பூலில் (டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துப் பிரிக்கும் லினக்ஸ் முறை) அந்தச் சேர்த்த தொகுப்பான வால்யூம் குரூப்பையே அழித்துவிடும்.

சர்வர் தொடங்கும்போது பூலும் தானாகத் தொடங்க, ஆட்டோஸ்டார்ட்டையும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்ததும் பூல் மவுன்ட் ஆகாது, விண்டோஸும் எழுந்திருக்காது.