தீபாவளி இனாம்: முதலில் பாக்கியைத் தீருங்கள்

தீபாவளிக்கு முந்தின நாள் மாலை. சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் ஒண்டுக்குடித்தன வீட்டு வாசலில் அம்மா தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். பெயிண்டரான அப்பா கூலியோடு வந்ததும் எல்லோரும் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் போய்த் துணி எடுப்பதாகப் பேச்சு. அப்பா வந்தார். கையில் ஒரு இனிப்புப் பெட்டி, சட்டைப் பையில் இருநூறு ரூபாய். வேலை கொடுத்த வீட்டுக்காரர் மனமுவந்து கொடுத்த இனாம் அது. ஆறு நாள் கூலி மட்டும் பாக்கி. "பண்டிகை முடியட்டும், கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்றாராம். இனாமைக் கை நீட்டி வாங்கிய பிறகு கூலியைக் கேட்க அப்பாவுக்கு வாய் வரவில்லை.

பண்டிகைக் காலத்தில் நாம் செய்யும் தவறுகளில் முதலாவதாக இதைத்தான் சொல்வேன். அந்த வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. கொடுத்துவிட்டோம் என்ற நிறைவோடுதான் அன்று அவர் உறங்கியிருப்பார். ஆனால் பாக்கி நிற்கும்போது கொடுக்கிற இனாம், உழைத்தவரின் வாயை அடைத்துவிடுகிறது. கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், இஸ்திரி போடுபவர், பால் பாக்கெட் போடுபவர் என்று யாராக இருந்தாலும் கணக்கை முதலில் தீருங்கள். இனாமைத் தனியாக, இது இனாம் என்று சொல்லிக் கொடுங்கள். இரண்டையும் ஒரே நோட்டுக்கட்டாகத் திணித்தால் எது கூலி, எது அன்பளிப்பு என்று அவருக்கும் தெரியாது, அடுத்த வருடம் உங்களுக்கும் நினைவிருக்காது.

முந்தின நாள் இரவு வரை இழுத்தடிப்பதும் தவறுதான். வண்ணாரப்பேட்டைக் கடைகளில் கடைசி நாள் நெரிசலில் பிள்ளைக்குச் சரியான அளவில் சட்டை தேடுவது எவ்வளவு சிரமம் என்பது அந்த வரிசையில் நின்றவருக்குத்தான் தெரியும். ஒரு வாரம் முன்பே கொடுத்தால் அதே ஐந்நூறு ரூபாய் கூடுதலாகப் பயன்படும். மேஸ்திரியிடம் மொத்தமாகக் கொடுத்து "எல்லோருக்கும் பிரித்துக் கொடுங்கள்" என்று விட்டுவிடாதீர்கள். சித்தாளாக வரும் பெண்ணுக்கு அவர் கையிலேயே கொடுங்கள்.

வீட்டு வேலை செய்பவருக்கு எவ்வளவு என்று பலர் கேட்கிறார்கள். நிறுவனங்களில் சட்டப்படி தர வேண்டிய குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். அந்த எண்ணைப் பிரித்துப் பாருங்கள்: ஓர் ஆண்டுச் சம்பளத்தில் 12இல் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். போனஸ் பற்றிய சட்டம் வீட்டு வேலைக்காரரைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனாலும் ஒரு மாதச் சம்பளம் தரும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, அது நியாயமான அளவு என்றே நினைக்கிறேன். பழைய புடவையை அதற்கு ஈடாகக் காட்டுவது சரியில்லை.

தபால்காரர் விஷயம் வேறு. அவர் மத்திய அரசு ஊழியர். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகளில் 13ஆவது விதி, அவர்கள் பரிசு வாங்குவதைக் கட்டுப்படுத்துகிறது. எப்போதாவது ஒரு வேளைச் சாப்பாடு, சாதாரண விருந்தோம்பல் ஆகியவை பரிசில் சேராது என்று அதே விதி விளக்கமும் தருகிறது. ஆகவே ஒரு தட்டில் அதிரசமும் முறுக்கும் வைத்து, உட்காரச் சொல்லி, தேநீர் கொடுத்தால் யாருக்கும் சங்கடமில்லை. உறையில் பணம் போட்டு நீட்டுவது அவருடைய வேலைக்கே சிக்கல் கொண்டுவரலாம். அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே நிலைதான். அங்கே தபால்காரர் ஒரு பண்டிகைக்கு 20 டாலர் மதிப்புக்குள் பொருளாக வாங்கிக்கொள்ளலாம், ரொக்கம் வாங்கக் கூடாது. ஒரே வீட்டிலிருந்து ஆண்டு முழுவதற்கும் 50 டாலர்தான் வரம்பு.

எங்கள் பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வந்தது. ஒவ்வொரு மாதமும் அதிலிருந்து பத்து ரூபாயை எடுத்துத் தபால்காரர் கையில் வைப்பார். கொடுக்காவிட்டால் அடுத்த மாதம் தாமதமாகுமோ என்ற பயம் அவருக்கு. அந்தப் பயம் இன்னும் நம் வீடுகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்டில் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், தனியாகப் பணம் தர வேண்டியதில்லை. மின்வாரியத்தின் லைன்மேன், குடிநீர் வாரிய ஊழியர் ஆகியோர் விஷயத்திலும் இப்படித்தான்: வேலை நடக்க வேண்டும் என்பதற்காகக் கொடுத்தால் அதன் பெயர் இனாம் இல்லை. 2018இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால்தான் அவருக்குப் பாதுகாப்பு. தபால்காரருக்கு உண்மையிலேயே நன்றி சொல்ல விரும்பினால், அவர் பெயரைக் குறிப்பிட்டு உங்கள் போஸ்ட் மாஸ்டருக்கு நாலு வரி எழுதுங்கள். ஐப்பசி மழையில், முழங்கால் தண்ணீரில், வியாசர்பாடிச் சந்துகளில் கதவு எண் தேடி அலைந்தவருக்கு அந்தக் கடிதம் பெரிய மரியாதை.

சிலிண்டர் போடுபவருக்குக் கொடுப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. பில்லில் இருக்கும் தொகையிலேயே வீட்டுக்குக் கொண்டுவரும் செலவு அடங்கியிருக்கிறது. நீங்களே கிடங்குக்குப் போய் எடுத்துவந்தால் அந்தத் தொகையைக் கழித்துத் தர வேண்டும். ஆகவே மாதாமாதம் கட்டாயமாகக் கேட்டால் மறுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதேசமயம் எரிவாயு மட்டுமே 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ. லிஃப்ட் இல்லாத ஹவுசிங் போர்டு கட்டடத்தில் மூன்றாம் மாடிக்கு அதைத் தோளில் சுமந்து வருகிறவருக்குப் பண்டிகையன்று நீங்களாகக் கொடுப்பது வேறு. நான் கொடுக்கிறேன்.

தூய்மைப் பணியாளர்களைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்கள். நம் தெருவைப் பெருக்கியவர்கள்தான் அவர்கள். தங்கள் வேலை என்ன ஆகுமோ என்று தவித்தவர்களிடம், "கம்பெனிதான் போனஸ் தருமே" என்று வீட்டுக்காரர்கள் சொல்லி அனுப்புவதைக் காதால் கேட்டிருக்கிறேன். மாடியிலிருந்து நோட்டைச் சுருட்டிப் போடுவதையும், ஒரு வாரம் கிடந்து சிக்குவாடை அடிக்கும் முறுக்கைக் கட்டிக் கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன். இறங்கி வாருங்கள். பெயரைக் கேளுங்கள். அன்று சுட்ட பலகாரத்தைக் கையில் கொடுங்கள். விடியற்காலையில் வந்து போகிறவரை நீங்கள் எழுவதற்குள் தவறவிடுவீர்கள், ஆகவே ஒரு நாள் அலாரம் வைத்து எழுந்திருங்கள்.

முன்பின் தெரியாதவர்கள் குழுவாக வந்து நோட்டுப் புத்தகத்தை நீட்டி "தீபாவளி இனாம்" என்று கேட்டால், வருடம் முழுவதும் நம் வீட்டுக்கு வரும் முகமா என்று பாருங்கள். இல்லையென்றால் அடையாள அட்டையைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். சத்தமாகக் கேட்பவருக்குக் கொடுத்துவிட்டு, ஆறு மணிக்குப் பேப்பர் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் போகும் பையனை மறப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. காலண்டரின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்குக் கை சுருங்கியிருந்தால் பொங்கலுக்குக் கொடுக்கலாம். ராயபுரத்திலும் எண்ணூரிலும் பல வீடுகளில் கிறிஸ்துமஸ் கேக்கோடு சேர்த்துக் கொடுப்பார்கள்.

தீபாவளி இரவு இன்னொரு காரியமும் இருக்கிறது. வெடித்த பட்டாசுக் குப்பையைச் சாப்பாட்டுக் கழிவோடு கலக்காமல் தனிச் சாக்கில் கட்டி வையுங்கள். மாநகராட்சி அதைத் தனியாகச் சேகரித்துக் கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்புகிறது. கலந்து வைத்தால், மறுநாள் காலை அதைக் கையால் பிரிக்க வேண்டியவர் நீங்கள் முந்தின நாள் பலகாரம் கொடுத்த அதே அம்மாதான்.