சீசன் தொடக்கத்து ரீபவுண்ட் சராசரி நிலைக்குமா? நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) சீசன் தொடங்கிப் பத்து ஆட்டம்தான் முடிந்திருக்கும். போன சீசனில் ஆட்டத்துக்கு எட்டு, ஒன்பது ரீபவுண்ட் (வளையத்தில் விழாமல் தவறிய பந்தைக் கைப்பற்றுவது) எடுத்தவர் இப்போது பன்னிரண்டு எடுக்கிறார். 82 ஆட்டமும் இது தாங்குமா? ஒரு தாளும் கால்குலேட்டரும் இருந்தால் போதும். எத்தனை எடுத்தார் என்று பார்ப்பதற்கு முன்னால், எத்தனை நிமிடம் ஆடினார் என்று பாருங்கள். ஆரம்பத்தில் எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான்.

படி 1: நிமிடத்தின் பங்கைக் கழியுங்கள்

மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸின் கெவின் லவ் 2009-10 சீசனில் ஆட்டத்துக்கு 28.6 நிமிடம் ஆடி 11.0 ரீபவுண்ட் எடுத்தார். அடுத்த சீசனில் 35.8 நிமிடம், 15.2 ரீபவுண்ட், லீக்கிலேயே முதலிடம். பழைய வேகத்திலேயே புதிய நிமிடங்களை ஆடியிருந்தால்?

11.0 ÷ 28.6 × 35.8 = 13.8

ஆக, கூடிய 4.2-இல் 2.8 நிமிடத்தால் வந்தது. மீதி 1.4-தான் அவர் வேகம் கூடியதால் வந்தது. நிமிடத்தால் வந்ததைக் குறைவாக நினைக்க வேண்டாம். கோச் அந்த நிமிடங்களைத் தரும்வரை அது நிற்கும். ஏன் தருகிறார் என்பதுதான் விஷயம். இன்னொருவர் காயத்தில் உட்கார்ந்திருப்பதால் கிடைத்த நிமிடம் என்றால், அவர் திரும்பும் தேதியோடு அது முடிந்துவிடும்.

படி 2: பத்து ஆட்டத்தையும் வரிசையாக எழுதுங்கள்

லவ் 2010 நவம்பர் 12 அன்று நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 31 ரீபவுண்ட் எடுத்தார். அப்படி ஒரு ராத்திரி நடுவில் வந்தால், மற்ற ஒன்பது ஆட்டத்தில் பத்துப் பத்தாக எடுத்தவருக்கும் சராசரி 12.1 ஆகிவிடும். எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் நிற்பதைப் பாருங்கள். சராசரி அதைவிட இரண்டுக்கு மேல் தள்ளி நின்றால், ஓரிரு ஆட்டம்தான் அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறது.

படி 3: ரீபவுண்ட் சதவீதம்

வேகமாக ஆடும் அணிகள் மோதினால் வீச்சும் அதிகம், தவறுவதும் அதிகம். எல்லோருக்குமே ரீபவுண்ட் கூடும். அதைச் சரிசெய்ய, அவர் களத்தில் இருந்தபோது வந்த ரீபவுண்டுகளில் அவர் பங்கு எவ்வளவு என்று பார்க்கிறோம்.

(அவர் ரீபவுண்ட் × அணியின் மொத்த நிமிடம் ÷ 5) ÷ (அவர் நிமிடம் × இரு அணி ரீபவுண்டும் சேர்த்து) × 100

ஒரு கற்பனைக் கணக்கு: பத்து ஆட்டம், 340 நிமிடம், 120 ரீபவுண்ட், இரு அணியும் சேர்ந்து எடுத்தது 880. அணியின் மொத்த நிமிடம் ஆட்டத்துக்கு 240 (48 நிமிடம் × 5 பேர்), பத்துக்கு 2400; ஐந்தால் வகுத்தால் 480.

120 × 480 ÷ (340 × 880) × 100 = 19.3

களத்தில் பத்துப் பேர் நிற்பதால் சராசரிப் பங்கு 10 சதவீதம். 19 என்பது நல்ல சென்டர்கள் (வளையத்துக்குப் பக்கத்தில் ஆடும் உயரமானவர்கள்) எடுக்கும் அளவு. ஓவர்டைம் ஒவ்வொன்றுக்கும் அணி நிமிடத்தில் 25 கூட்ட மறக்காதீர்கள்; மறந்தால் சதவீதம் உள்ளதைவிடக் குறைவாக வரும்.

படி 4: எந்தப் பக்கத்தில் கூடியது?

தாக்குதல் ரீபவுண்டையும் (தன் அணி வீசித் தவறியது) தற்காப்பு ரீபவுண்டையும் (எதிரணி வீசித் தவறியது) பிரித்து எழுதுங்கள். தாக்குதல் பக்கத்தில் பெரும்பாலும் எதிரணி ஆளை மீறித்தான் பந்தை எடுக்க வேண்டும்; அங்கே கூடினால் அது அவர் உழைப்பு. ஆனால் எண்ணிக்கை சிறியது, அதனால் பத்து ஆட்டத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. தற்காப்புப் பக்கத்தில் கூடினால் சக ஆட்டக்காரர்களைப் பாருங்கள்.

ஓக்லஹோமா சிட்டி தண்டரின் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் 2015-16இல் 7.8 ரீபவுண்ட், 2016-17இல் 10.7. நிமிடம் ஏறக்குறைய அதேதான்: 34.4, பிறகு 34.6. ஒரு கார்டுக்கு (வளையத்திலிருந்து தள்ளி நின்று பந்தை நடத்துபவர்) இது தாங்காது என்றுதான் முதல் பார்வையில் தோன்றும். சீசன் முழுக்கத் தாங்கியது. ஆட்டத்துக்கு 8.2 எடுத்த கெவின் டுரான்ட், 6.8 எடுத்த செர்ஜ் இபாகா இருவருமே அந்தக் கோடையில் அணியை விட்டுப் போயிருந்தார்கள். பதினைந்து ரீபவுண்டுக்கு ஆள் தேவைப்பட்டது. மிச்சத்தை அதே அணியின் சென்டர் ஸ்டீவன் ஆடம்ஸைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். எதிரணி வீசியதும் அவர் பந்தைத் தேடுவதில்லை. தன் ஆளை முதுகால் முட்டி, முழங்காலை மடக்கி, வளையத்தின் அடியிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டே போவார். அப்படிக் காலியான இடத்துக்கு வெஸ்ட்புரூக் ஓடிவந்து பந்தை எடுத்து, நிற்காமல் எதிர்ப்பக்கம் பாய்வார். அணியே வகுத்துக்கொண்ட ஏற்பாடு என்பதால்தான் அது நிலைத்தது. ஆகவே வீடியோவில் நான்கைந்து ரீபவுண்டாவது பாருங்கள். பாக்ஸ் ஸ்கோரில் (ஆட்டத்தின் புள்ளிவிவர அட்டவணை) இது தெரியாது.

படி 5: பழையதையும் கலந்து ஊகியுங்கள்

படி 3-இல் பார்த்த நம் கற்பனை ஆட்டக்காரர் இப்போது 36 நிமிடத்துக்கு 12.7 (120 ÷ 340 × 36). போன சீசனில் 28 நிமிடத்துக்கு 8.5, அதாவது 36-க்கு 10.9. போன சீசனில் அவர் 2000 நிமிடம் ஆடியிருந்தால் அதில் பாதியை மட்டும் கணக்கில் எடுங்கள்:

(340 × 12.7 + 1000 × 10.9) ÷ 1340 = 11.4

34 நிமிடத்துக்கு மாற்றினால் 10.7. பன்னிரண்டு நிற்காது, எட்டரைக்கும் இறங்காது. பாதி என்பது கைக்கணக்குதான். படி 4-இல் வலுவான காரணம் கிடைத்தால் கால்வாசி போதும். 20 வயதுப் பையனுக்கும் அப்படியே. காரணமே தெரியாவிட்டால் முழுசாகச் சேருங்கள். ஆட்டம் 25 ஆனதும் புது எண்களைப் போட்டு மறுபடி கணக்கிடுங்கள். நடுவில் ஒரு சென்டர் காயத்திலிருந்து திரும்பினாலோ டிரேடில் (அணிகள் ஆளை மாற்றிக்கொள்வது) வந்தாலோ, அந்தத் தேதிக்குப் பிந்தைய ஆட்டங்களுக்குத் தனி வரிசை தொடங்குங்கள்.